அஞ்சு கட்டை

கோப்பிக்குச் சீனி பத்தலன்னா கேளு மிதுலன், கூச்சப்படாதே. பிஸ்கட்டும் எடுத்துக்க. பிளாஸ்டிக் டப்பாவுல இருக்கேன்னு பாக்காதே, நமுத்துப் போகாது. இந்த வீட்டுல தகர டின்னு வெச்சுக்கறதில்ல. ஏன்னு பின்னால சொல்றேன், நீ கேக்க வந்த விசயத்துலதான் அதுவும் சேரும்.

நேத்து போன்ல நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அங்கிள், அந்தப் பிலிம் டின்ல இருந்தது காடி வாடை இல்ல. ரப்பர்ப் பால் கட்டுற ஆசிட் வாடை. அது எப்படி உள்ள போச்சு?" மரியாதையாத்தான் கேட்ட, குரலக்கூட ஒசத்தல. கையுறை ஃபேக்டரி லேப்ல வேலை செய்யற ஆளு, ஒன் மூக்கு பொல்லாத மூக்கு. நம்ம ரசிகர் மன்றத்துல எரநூத்திப் பன்னெண்டு பேரு. அதுல ஒருத்தனுக்குத்தான் இந்த வாடை வேற, அந்த வாடை வேறன்னு தெரிஞ்சிருக்கு. எனக்கு அதுல சந்தோசம்தான். ஒன்னைச் செயலாளரா போட்டது நான்தானே.

ரெக்காடு பண்ணணும்னா பண்ணிக்க. போனை மேசை மேல வெச்சுடு, கையில புடிச்சுக்கிட்டே இருந்தா வலிக்கும். எனக்கு எழுபத்து மூணு வயசாவுது, ஒளிச்சு வெச்சு என்ன பண்ணப் போறேன்? ஆனா மொதல்லேருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

நம்ம பாட்டுக் குழுவுக்கு லயம்னு பேரு வெச்சது கதிரவேலு அண்ணன். சிம்பாங் பூலாய்ல ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மவன், சிலோன்காரங்க, கிட்டார் வெச்சிருந்த ஒரே ஆளு. லயம்னா தாளம். நாங்க தோட்டத்துல குடியிருந்த வீட்டு வரிசைக்கும் லயம்னுதான் பேரு. ரெண்டும் ஒண்ணா வந்து விழுந்ததுல அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு. அவர் கிட்டார், அவர் கூட்டாளிங்க ரெண்டு பேரு, பாட்டுக்கு விமலா, தபேலாவுக்கு நான். விமலாவும் நானும் லகாட் பக்கம் கில்மோர் தோட்டம், ஒரே லயம், நடுவுல நாலு வீடு. அவ காலையில ரப்பர்ப் பால் மரம் வெட்டுவா. நான் ஸ்டோர்ல பாலுக்கு ஆசிட் கலக்குவேன். எவ்வளவு பாலுக்கு எவ்வளவு ஆசிட்டுன்னு இன்னிக்கும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். கூடுனா ரப்பர் சீட்டு மொரடாப் போயிரும், கொறைஞ்சா கட்டாது. எங்கிட்ட ஒரு நாளும் கூடுனதும் இல்ல, கொறைஞ்சதும் இல்ல.

சாயங்காலமானா பாட்டு. 'பெரட்டுக்குப் போற புள்ள' ஒண்ணு போதுமே, ஈப்போவுல அந்தப் பாட்டு இல்லாம கல்யாணமே இல்ல. விடியக் காலையில பேரு கூப்பிடுற எடத்துக்குப் பெரட்டுன்னு சொல்வோம், அங்க தூங்கி வழிஞ்சுக்கிட்டுப் போற பொண்ணைப் பத்தின பாட்டு அது. விமலா அதைப் பாடினா கெழவனுங்களுக்குக்கூட கால் நிக்காது. எல்லாம் ஒனக்குத் தெரிஞ்சதுதான், நீதான் அந்த ரெக்காடைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கேக்கறவனாச்சே.

எழுபத்தஞ்சுல டிவியில பாடக் கூப்பிட்டாங்க. தீபாவளிக்குப் போட, ஒரு மாசம் முன்னாலயே கோலாலம்பூர்ல படம் புடிக்கணும். விமலாவுக்குக் கல்யாணமாயி வயித்துல அஞ்சு மாசம். சேலைய இழுத்து மூடிக்கலாம், மூஞ்சியத்தானே காட்டப் போறாங்கன்னா. வாடகை வேனு, ஓட்டறதுக்கு சிம்பாங் பூலாய் ஷரபுதீன். வேன் காலையில ஆறு மணிக்குத் தோட்டத்துக்கு வந்து விமலாவையும் என்னையும் ஏத்திக்கணும்னு பேச்சு.

மொத நாள் மத்தியானம் கதிரவேலு அண்ணன் தோட்டத்து ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்காரு. அங்க கணக்கு எழுதற கிராணி என்னைக் கூப்பிட்டு, "தங்கையா, நாளைக்கு அஞ்சு கட்டையாம். ஒங்கிட்ட சொல்லிடச் சொன்னாரு" அப்படின்னாரு.

இப்ப இருக்கற புள்ளைங்களுக்குக் கிலோமீட்டருதான் தெரியும். அப்பெல்லாம் மைல் கல்லு. அதை நம்மாளுங்க கட்டைன்னு சொல்வோம். எங்க இருக்கேன்னு கேட்டா மூணு கட்டைல இருக்கேன், ஏழு கட்டைல இருக்கேன்னு ஊரையே கட்டையிலதான் அளப்போம். பாட்டுக்காரனுக்கும் ஒரு கட்டை இருக்கு, அது சுருதி. தபேலாக்காரன் ஒனக்கு அது தெரியாதான்னு நீ கேக்கப் போற. தெரியும்லா. ஆனா விமலா எப்பவும் நாலு கட்டையிலதான் பாடுவா. டிவியில கணீர்னு கேக்கணும்னு அண்ணன் ஒரு கட்டை ஏத்தியிருக்காரு, அதுக்குத் தக்க தபேலாவைச் சுருதி சேத்து எடுத்துக்கிட்டு வான்னு சொல்லி விட்டிருக்காரு. நான் என்ன நெனச்சேன்? வேன் ஈப்போவுல யாரையோ ஏத்திக்கிட்டு வருது, என்னை அஞ்சாவது மைல் கல்லுல வந்து நிக்கச் சொல்றாங்கன்னு நெனச்சேன்.

அஞ்சு மணிக்கே சைக்கிள்ல தபேலாவைக் கட்டிக்கிட்டுப் போயிட்டேன். வேன் சிம்பாங் பூலாய் பக்கத்துலேருந்து தோட்டத்துக்கு வந்து, ஆரன் அடிச்சுப் பாத்துட்டு, விமலாவை மட்டும் ஏத்திக்கிட்டு அப்படியே போயிருச்சு. நான் நின்னது நேர் எதிர்ப் பக்கம். பதினோரு மணி வரைக்கும் நின்னேன். மழை வேற. தபேலா நனையக் கூடாதுன்னு சட்டையக் கழட்டி அதுக்குப் போட்டேன். அவ்வளவு நல்ல புத்தி இருந்துச்சு, இந்தக் கட்டை அந்தக் கட்டைன்னு யோசிக்கற புத்திதான் இல்லாமப் போச்சு. இதைச் சொல்றப்ப எனக்கே சிரிப்பு வருது பாரு.

மறுநாள் கதிரவேலு அண்ணன் வந்தாரு. விசயத்தைக் கேட்டுட்டு அடிக்கத்தான் கை ஓங்குனாரு, ஆனா சிரிப்பை அடக்க முடியாமக் கீழ ஒக்காந்துட்டாரு. தபேலாவுக்கு என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். "நம்ம ஷரபுதீன் பிஸ்கட் டின்ல தட்டுனான்டா. அங்க ஒருத்தர் மேசையில இருந்த டின்னு. பையன் பின்னிட்டான்" அப்படின்னாரு. நான் அவர் கால்ல விழாத கொறை. யாருக்கும் சொல்லாதீங்கண்ணே, தோட்டத்துல என்னைச் சும்மா விட மாட்டாங்கன்னு கேட்டேன். அவரும் சொல்லல, மத்தவங்களையும் சொல்ல விடல. ஷரபுதீன்கிட்டயும் சத்தியம் வாங்கிக் குடுத்தாரு.

தீபாவளி அன்னிக்கு கிராணி வீட்டு டிவி முன்னால அம்பது அறுவது பேரு. சின்ன டிவி, படம் முழுக்கப் புள்ளி புள்ளியா ஓடுது. விமலா மூஞ்சி தெரியுது, மத்தது எல்லாம் நெழலாட்டம். ஆனா சத்தம் கேட்டுச்சு. டக்கு டகுடக்குன்னு ஒரு அடி, கேட்டவன் எல்லாம் எழும்பிட்டான். யாரோ ஒருத்தன், "அடிச்சான் பாரு நம்ம தங்கையா" அப்படின்னு கத்துனான்.

நான் ஆமான்னு சொல்லல. இதை நீ கவனமாக் குறிச்சுக்கணும். நான் சிரிச்சேன், அவ்வளவுதான். தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டாங்க, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

ஜனவரியில தினேஸ்வரி பொறந்தா. பதினெட்டாம் நாளு காய்ச்சல் கண்டு விமலா போயிட்டா. லயமும் அதோட சரி. கதிரவேலு அண்ணன் அதுக்கப்புறம் கிட்டாரையே தொடல.

அம்பது வருசம் மிதுலன். மத்தவங்க ஒவ்வொருத்தரா போனாங்க, நான் மட்டும் மிஞ்சினேன். லயத்துல உசிரோட இருக்கற ஒரே ஆளு, டிவியில அடிச்ச தபேலா தங்கையா. கோயில் திருவிழாவா, பள்ளிக்கூட ஆண்டு விழாவா, கூப்பிட்டு மேடையில ஒக்கார வெச்சுப் பொன்னாடை போடுவாங்க. அந்த அலமாரியத் தொறந்து பாரு. நாப்பத்து நாலு இருக்கு, எல்லாம் அந்துப் பூச்சி விழாம மடிச்சு வெச்சிருக்கேன். பேச்சுல அந்த டிவி நாளைச் சொல்லாம எறங்க விட மாட்டாங்க. லைட்டு எப்படிச் சுட்டுச்சு, விமலா திரும்பி என்னைப் பாத்து எப்படிக் கண்ணடிச்சா, எல்லாம் சொல்வேன். சொல்லச் சொல்ல அது நல்லா ஊறிப் போச்சு. அந்த லைட்டுச் சூடு இன்னிக்கும் என் கழுத்துல இருக்குன்னா நீ நம்ப மாட்ட.

ஷரபுதீன் சிம்பாங் பூலாய்ல, கேமரன் மலைக்குப் போற ரோட்டுல சாப்பாட்டுக் கடை போட்டு நல்லா இருக்கான். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நான் அங்கதான் ரொட்டி சானாய் சாப்பிடுவேன். "வாங்கண்ணே"ன்னு கூப்பிட்டு டீ இழுத்துக் குடுப்பான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தப் பேச்சை எடுத்ததில்ல. கல்லாவுல ஒக்காந்துக்கிட்டு பக்கத்துல இருக்கற பிஸ்கட் டின்ல வெரலால சும்மா தட்டுவான், பழக்கத்துல. எனக்கு ரொட்டி எறங்காது. வீட்டுக்கு வந்து எங்கிட்ட இருந்த டின்னை எல்லாம் தூக்கிப் போட்டேன். இப்ப தெரியுதா ஏன் பிளாஸ்டிக் டப்பான்னு?

அப்புறம் நீங்க வந்தீங்க. வாட்சப்பு, ரசிகர் மன்றம், மஞ்சச் சட்டை. அந்த டிவிப் படத்தைக் கண்டுபிடிக்காம விடறதில்லன்னு பன்னெண்டு வருசமா என்னா ஆட்டம். நான் அனுபவிச்ச சந்தோசத்துல அது பெரிய பங்கு, பொய் சொல்லல. பத்து காஜா ஊருல ஒரு வீட்டுல வீடியோ டேப் இருக்குதுன்னு ஓடுனோமே, போட்டுப் பாத்தா யாரோட மஞ்சத் தண்ணி விழாவோ. கம்பார்ல கெடைச்ச சுருள் எலி ஒழிக்கற படம். பதினாலு பேரும் மஞ்சச் சட்டையில வரிசையா ஒக்காந்து இருவது நிமிசம் எலியப் பாத்தோம், முடிஞ்சதும் தினேஸ்வரி கை தட்டுனா. அவ கை தட்டவும் நாம எல்லாரும் தட்டுனோம். வயித்து வலி வர்ற அளவுக்குச் சிரிச்சேன் அன்னிக்கு.

அந்த எடத்துக்கெல்லாம் போகச் சொன்னது நான்தான். எதுவும் கெடைக்காதுன்னு தெரிஞ்ச எடமா பாத்துச் சொல்வேன். தேடுறது நல்ல விசயம், ஒத்துமையா இருக்கும். கெடைச்சாத்தான் சூசா, தொல்லை.

தினேஸ்வரியப் பத்திச் சொல்லணும். லகாட்ல பெரியம்மா வீட்டுல வளந்த புள்ள. ஈப்போவுல தையல் கடை வெச்சிருக்கா, நம்ம மஞ்சச் சட்டை அத்தனையும் அவ தைச்சதுதான், நூலுக்குக்கூட காசு வாங்கல. ஒரு நாள் எனக்கு அளவு எடுக்கறப்ப சொன்னா. "பாட்டு இருக்கு அங்கிள். போட்டோ ஒண்ணு இருக்கு. ஆனா அம்மா எப்படித் திரும்புவாங்க, கைய எப்படித் தூக்குவாங்க, அது தெரியல. நான் கண்ணாடி முன்னால நின்னு நானே திரும்பிப் பாப்பேன். இதுல எது அம்மாவோடதுன்னு தேடுவேன்." நான் சொல்றேன் கேளும்மான்னு, விமலா எப்படி நடப்பா, எப்படிச் சிரிப்பான்னு சொன்னேன். நல்லாத்தான் கேட்டுக்கிட்டா. கடைசியில, "எல்லாரும் சொல்றாங்க அங்கிள். சொல்றது வேற" அப்படின்னா. ஊசிய வாயில வெச்சுக்கிட்டே சொன்னா, அழுவல, அவ அழுவற ஜாதி இல்ல. அடுத்த நிமிசமே, "ஒண்ணு தெரியுமா அங்கிள், அன்னிக்கு நானும் வயித்துக்குள்ள இருந்தேன். நானும் லயம் மெம்பர்தான், எனக்கும் ஒரு பொன்னாடை போடச் சொல்லுங்க" அப்படின்னு சிரிக்கறா.

போன மாசம் லூமுட்லேருந்து சாரதாதேவி டீச்சர் போன் பண்ணது நீ எடுத்த போனு. அவங்க அப்பா அந்தக் காலத்து டிவி கேமராக்காரரு, தூக்கிப் போடச் சொன்ன சுருளை மனசு கேக்காம வீட்டுக்குக் கொண்டாந்து வெச்சிருந்தாராம். டின்னு மேல 'லயம் - ஈப்போ'ன்னு அவர் கையெழுத்து. நீ குரூப்ல போட்டதும் எரநூத்திப் பன்னெண்டு பேரும் பட்டாசு படமா அனுப்புனாங்க. நானும் ஒண்ணு அனுப்புனேன்.

ஒன் கார்லதான் போனோம், நீ, நான், தினேஸ்வரி. டீச்சர் ஜன்னல் வெளிச்சத்துல மொத ரெண்டு அடியப் புடிச்சுக் காட்டுனாங்க. வெறும் எழுத்துதான் தெரிஞ்சுது. இதுக்கு மேல பிரிச்சா கீறல் விழும், கோலாலம்பூருக்கு அனுப்பி முறையா மாத்திக்குங்கன்னாங்க. திரும்பி வர்றப்ப தினேஸ்வரி டின்னை மடியில வெச்சு சீட் பெல்ட்டை அது மேல போட்டா. லூமுட்லேருந்து ஈப்போ வரைக்கும் 'பெரட்டுக்குப் போற புள்ள' பாடிக்கிட்டே வந்தோம், நான் டேஷ்போர்டுல தாளம் போட்டேன். நல்லா அடிச்சேன். நீகூட, "அங்கிள், டிவியில அடிச்ச அதே அடி"ன்னு சொன்ன.

திங்கக்கெழமை அனுப்பறதுன்னு முடிவாச்சு. அதுவரைக்கும் டின்னு யாரு வீட்டுல இருக்கறது? மன்றத் தலைவர் என் வீட்டுலதான், ஏர்கோன் இருக்கற ரூம்புல. தினேஸ்வரியே ரெண்டு கையால எங்கிட்ட குடுத்தா. "ஒங்ககிட்ட இருந்தா எனக்குப் பயமில்ல அங்கிள்."

சனிக்கெழமை காலையில பசாருக்குப் போயி கருவாடு வாங்கிட்டு வந்தேன். பசியாறுனேன். எட்டரை மணிக்கு ஜன்னலைத் தொறந்து, கட்டில்ல வெள்ளை விரிப்பைப் போட்டு, பேப்பர் படிக்கற பூதக் கண்ணாடிய எடுத்துக்கிட்டு ஒக்காந்தேன். நான் கெட்ட எண்ணத்தோட ஒக்காரல. ஒரு வேளை அன்னிக்கு டிவியில தெரிஞ்ச மாதிரி விமலா மூஞ்சி மட்டும் இருந்தா, பின்னால இருக்கற ஆளு நெழலா இருந்தா, யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லையே. டின்னை மூடி வெச்சுட்டுத் திங்கக்கெழமை நானே கொண்டுபோயிக் குடுத்திருப்பேன்.

ஆனா பிலிம்ல பாத்தா எல்லாம் பளிச்சுன்னு இருக்கு தம்பி. அந்தச் சின்ன டிவியில வராதது எல்லாம் இதுல இருக்கு. விமலா எடது பக்கத்துலேருந்து நடந்து வர்றா. சடையத் தூக்கிப் பின்னால போடுறா. பாடறப்ப வலது தோளை லேசா ஒசத்துவா, நான் மறந்தே போயிருந்தேன், தினேஸ்வரி தையல் மிஷின்ல ஒக்காந்து நூல் கோக்கறப்ப அப்படியே தோளை ஒசத்துவா. அச்சு அசல். பாட்டு முடிஞ்சதும் கேமரா உடனே நிக்கல. விமலா பின்னால திரும்புறா. வயித்துல கைய வெச்சுக்கிட்டு என்னமோ சொல்றா. புள்ள ஒதைக்குதுன்னுதான் சொல்லியிருப்பா. பின்னால இருக்கறவன் சிரிச்சுக்கிட்டு ஒரே ஒரு தட்டு மெதுவாத் தட்டுறான். அவ வயித்தைப் பாக்கறா, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. தாளத்துக்குப் புள்ள பதில் சொல்லியிருக்கும் போல. தினேஸ்வரியும் அதுல இருக்கா, அவ சொன்னது சரிதான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, கண்ணாடியத் தொடச்சுக்கிட்டுப் பாத்தேன்.

பின்னால இருக்கறவன் ஷரபுதீன். மூஞ்சி முழுசா, பல்லு தெரிய. மடியில பிஸ்கட் டின்னு, அது மேல ஒட்டியிருந்த பூப்படம்கூடத் தெரியுது.

நான் யோசிக்காம எதையும் செய்யல. மொதல்ல கத்திரிக்கோலை எடுத்தேன். அவன் வர்ற எடத்தை மட்டும் வெட்டிட்டு மிச்சத்தை ஒட்டிடலாம், தினேஸ்வரிக்கு அவங்கம்மா கெடைக்கட்டும், எனக்கு என்னோடது இருக்கட்டும்னு பாத்தேன். நியாயமான யோசனைதானே? ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு படமாப் பாத்தேன், மத்தியானம் ஆயிருச்சு. விமலா தோளுக்குப் பின்னாலயே அவன் ஒக்காந்திருக்கான். விமலா இருக்கற எடத்துல எல்லாம் அவன் இருக்கான். அவளை விட்டு அவனை வெட்ட முடியல.

என் மச்சானோட கெபுன்ல, சின்ன ரப்பர்த் தோட்டம், இன்னமும் பால் வெட்டறாங்க, அவர் குடுத்த ஆசிட்டு போத்தல் பின்னால குளியலறையில இருந்துச்சு. வாடை வருமேன்னு யோசிச்சேன். அப்பத்தான் நீ குரூப்ல போட்ட சங்கதி ஞாபகம் வந்துச்சு. பழைய பிலிம் நம்ம ஊரு சூட்டுல தானாவே கெட்டுப்போகும், காடி மாதிரி புளிச்ச வாடை அடிக்கும், சீக்கிரம் அனுப்பணும்னு எழுதியிருந்த. எவ்வளவு ஒதவியான புள்ள நீ. அளவு எனக்குத் தெரியும், கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. சுருளைத் திரும்பச் சுத்தி, டின்ல வெச்சு, ஊத்தி மூடுனேன். ஸ்டோர்ல பால் கட்ட எவ்வளவு நேரம் விடுவோமோ அவ்வளவு நேரம் விட்டேன். தொறந்து பாத்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கூழா கட்டியிருந்துச்சு. மிச்சத்தை வடிச்சுட்டு மூடி வெச்சுட்டு, கருவாட்டுக் கொழம்பு வெச்சேன். அன்னிக்குக் கொழம்பு நல்லா வந்திருந்துச்சு.

திங்கக்கெழமை நீயே தொறந்த, நீயே பாத்த. தினேஸ்வரி குனிஞ்சு பாத்தா. ஒரு வெரலால அந்தக் கூழைத் தொட்டா, தொட்ட வெரலைத் தொடைக்காம அப்படியே மடக்கி வெச்சுக்கிட்டா. நான் நாக்காலியில ஒக்காந்துட்டேன். அவ என்ன பண்ணா தெரியுமா? என் பக்கத்துல மண்டி போட்டு ஒக்காந்து, "நீங்க மனசு ஒடைஞ்சு போயிராதீங்க அங்கிள். ஒங்களுக்குத்தானே பெரிய நஷ்டம். நீங்க அடிச்சதை நீங்களே பாக்க முடியாமப் போச்சே" அப்படின்னா. அடுத்த வாரக் கூட்டத்துல அவ கையால எனக்குப் பொன்னாடை போட்டா. அதுதான் நாப்பத்து நாலாவது. மத்தது எல்லாம் கடையில வாங்குனது, இது அவளே ஓரம் தைச்சது.

நீ இப்படிப் பாக்காதே. கொஞ்சம் பொறுமையா யோசி. அவ நாப்பத்தொம்பது வருசமா அது இல்லாமத்தான் இருந்தா. இல்லாததுக்குப் பழகுனவ, இன்னும் கொஞ்ச வருசம் இல்லாம இருக்கறது அவளுக்குப் பெரிய கஷ்டம் இல்ல. எனக்கு இருக்கறதை எடுத்துட்டா, எழுபத்து மூணு வயசுல நான் புதுசாப் பழக முடியுமா? யாரு தாங்குவாங்கன்னு பாக்கணும்லா. அவ தாங்கக் கூடிய புள்ள. அதை வெச்சுத்தான் முடிவு பண்ணேன். அப்புறம், அந்தப் படத்தை யாருமே பாக்கலன்னும் சொல்ல முடியாது. நான் பாத்தேன். ஒரு படம்கூட விடாம, அன்போட பாத்தேன்.

ஷரபுதீன் மேலயும் தப்பு இருக்கு. இந்த அம்பது வருசத்துல ஒரு தடவை, "அண்ணே, அது நான்தானே"ன்னு சிரிச்சுக்கிட்டு அவன் கேட்டிருந்தா நானும் சிரிச்சுக்கிட்டு ஆமாண்டான்னு சொல்லியிருப்பேன், விசயம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். போன ஞாயித்துக்கெழமை பிலிம் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். தட்டிக்கிட்டு இருந்த வெரலை நிறுத்துனான். "அந்தப் புள்ளைக்குக் காட்ட முடியலையேண்ணே" அப்படின்னான். அன்னிக்கு ரொட்டிக்கும் டீக்கும் காசு வேணாம்னுட்டான். நீ அவன்கிட்டப் போயி எதையும் கேட்டுராதே மிதுலன். விமலா திரும்பிப் பாத்து என்ன சொன்னான்னு அவனுக்குத் தெரியும், தினேஸ்வரிகிட்ட சொல்லிக்கிட்டு இருப்பான். வேலைக்காகாத பேச்சு.

சரி, நீ கேட்ட கேள்விக்கு முழுசாப் பதில் சொல்லிட்டேன். ஆசிட்டு உள்ள போனது என் கையால. சனிக்கெழமை, சாப்பாட்டுக்கு முன்னால. போனை நிறுத்தறதுக்கு முன்னால ஒண்ணு காட்டணும், கொஞ்சம் இரு. பர்ஸ்ல வெச்சிருக்கேன்.

நான் எல்லாத்தையும் அழிச்சுட்டேன்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்க. அப்படி ஈவு இரக்கம் இல்லாதவன் இல்ல நான். ஆசிட்டு ஊத்தறதுக்கு முன்னால ஒரு துண்டு வெட்டி எடுத்தேன். பதினோரு படம் இருக்கு, ஓட விட்டா அரை செகண்டு வரும். தீபாவளிக் கூட்டத்துல தினேஸ்வரி கையில குடுக்கலாம்னு இருந்தேன், அவளுக்கும் ஏதாச்சும் வேணும்லா. விமலா கையத் தூக்கற எடம். முந்தானை ஷரபுதீன் மூஞ்சிய மறைச்சிருக்கும், டின்னும் மறைஞ்சிருக்கும். விமலா அந்தப் பக்கம் திரும்பியிருக்கறதுனால அவ மூஞ்சி இதுல வரல, அது ஒண்ணுதான் கொறை. ஆனா அடிக்கற கை ரெண்டும் பளிச்சுன்னு இருக்கு.

ஜன்னல் பக்கம் வா. ஓரத்தைப் புடி, வெரல் அழுக்குப் படாம. இப்ப இங்க என் கையப் பாரு, இப்படி வெச்சுக்கறேன். உண்மையச் சொல்லு தம்பி, அது என் கைதானே?